வராக்கடனும் வரவா?

ஒரு மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் கூடவே இன்னொன்றை எழுதித் தருகிறார். சேர்த்தால் மட்டும் கேட்குமா? மனச்சோர்வு புகுந்த வீடுகளில் எழுகிற கேள்வி இது.

விடை தேடி அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2001-ல் 'ஸ்டார்-டி' ஆய்வைத் தொடங்கியது. நாலாயிரம் பேர். சுமார் மூன்றரைக் கோடி டாலர் செலவு. முதலில் எல்லோருக்கும் சிடலோபிராம். தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களில் சிலருக்கு மாத்திரையை மாற்றினார்கள். சிலருக்கு அதனுடன் பியூப்ரோபியான் அல்லது பஸ்பிரோனைச் சேர்த்தார்கள். 2006-ல் ரிசல்ட். எதைச் சேர்த்தாலும் தேறியவர்கள் சுமார் 30 சதவிகிதம்.

நல்ல சேதிதானே? கொஞ்சம் பொறுங்கள். வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடவே இல்லை. பழைய மாத்திரையையே இன்னும் சில வாரம் தொடர்ந்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? குணமாக்கியது புது மாத்திரையா, காலமா? இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது மொத்தக் கணக்கு. நாலு கட்டமும் முடித்தால் 67 சதவிகிதம் பேர் தேறுவார்களாம். உலகம் சுற்றிய எண் இது. பி.காம். படித்த புத்திக்கு இங்கேதான் உறுத்துகிறது. நடுவில் விட்டுப்போனவர்கள் ஏராளம். அவர்களும் இருந்திருந்தால் மற்றவர்கள் மாதிரியே தேறியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஆய்வாளர்கள் அதை ஒளிக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறார்கள். ஆனால் எண் பரவிய வேகத்தில் நிபந்தனை பரவவில்லை. வராக்கடனை வரவில் எழுதினால் எந்த ஆடிட்டர் சார் கையெழுத்துப் போடுவார்?

2023-ல் பிகாட் குழுவினர் அதே தரவுகளை எடுத்து, முதலில் வகுத்த விதிகளின்படி மறுபடி கணக்குப் போட்டார்கள். 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் வந்த விடை: 35. பழைய குழு அதை ஏற்கவில்லை.

எண்ணுக்கு ஏன் இத்தனை சண்டை என்கிறீர்களா? மூன்று பேரில் இரண்டு பேர் தேறுவார்கள் என்று நம்பிப் போனவர், மூன்றாவது மாத்திரையிலும் தேறாவிட்டால் என்ன நினைப்பார்? 'எங்கிட்டதான் ஏதோ கோளாறு.' அந்த நோய் ஏற்கெனவே அவர் காதில் ஓதிக்கொண்டிருக்கிற வசனம் அதுதான்.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள்: "இதை எத்தனை வாரம் பார்க்கலாம்? கேட்கலைன்னா அடுத்து என்ன?" கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.