கொள்முதல் நிலையத்தில் ஒரு நீர்நாய் மனிதன்

தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளாவில், மேடைக்கு முதலில் வருபவர் இரணியனும் இல்லை, பிரகலாதனும் இல்லை. கோணங்கிதான். அவர் குதித்துக் கும்மாளமிட்டு ஆடி முடித்த பிறகு பிள்ளையார் முகமூடி போட்ட சிறுவன் வருவான். ராஜாக்களும் தெய்வங்களும் அதற்கும் பிறகு. 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஹஜியின் பெயரில் வழங்கும் ‘சதீதான சூரமு’ என்ற தெலுங்கு நாடகம் இன்னும் துணிந்தது. தானத்தில் சூரன் என்ற பழைய வீரப் பட்டத்தை, மனைவியையே தானம் கொடுப்பவன் தலையில் கட்டி வேடிக்கை பார்த்தது. வீரனைக் கும்பிடுவதற்கு முன் கொஞ்சம் சிரித்துக்கொள்வது காவிரி டெல்டாவுக்குப் பழக்கம்தான். அந்தச் சிரிப்பு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பக்கம் திரும்பும்போது எங்கே வெட்டுகிறது, எங்கே மழுங்கிப்போகிறது?

இந்த வகைப் பகடியின் பேர்போன உதாரணம் 1984 மே மாதம் அமெரிக்காவின் டோவர் என்ற சிறு நகரிலிருந்து வந்தது. கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்ற இரு ஓவியர்கள், வரியில் திரும்பி வந்த பணத்தையும் உறவினரிடம் வாங்கிய கடனையும் போட்டு ஒரு கறுப்பு வெள்ளைப் புத்தகத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பிரதிகள். ‘டீனேஜ் மியூட்டண்ட் நிஞ்ஜா டர்டில்ஸ்’ என்ற தலைப்பே அன்றைய காமிக்ஸ் மோஸ்தர்களை ஒரே நூலில் கோத்த நையாண்டி. மார்வெலின் டேர்டெவில் கதையில், பார்வையற்ற ஒருவரை லாரியிடமிருந்து காப்பாற்றும் சிறுவனின் கண்ணில் கதிரியக்கப் பொருள் படும், அவன் வீரனாவான். இவர்கள் அதே விபத்தை வரைந்து, தெறித்த குப்பியின் பின்னாலேயே போனார்கள். அது உருண்டு சாக்கடைக்குள் விழ, அங்கே கிடந்த நான்கு ஆமைக்குஞ்சுகள் வீரர்களாயின. டேர்டெவிலின் குரு பெயர் ஸ்டிக், அதாவது குச்சி. ஆமைகளின் குரு ஸ்ப்ளிண்டர், சிலாம்பு. அங்கே எதிரிக் கூட்டத்தின் பெயர் ‘கை’, இங்கே ‘பாதம்’.

பகடியின் பலம் இந்தச் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. வீரனைப் பிறப்பிப்பது அவனுடைய அருமை பெருமையா, வெறும் தற்செயலா என்று நீட்டி எழுத வேண்டிய விமர்சனத்தை ஒரு குப்பி உருண்டு ஓடியே சொல்லிவிடுகிறது. செலவும் குறைவு. வண்ண அச்சு வேண்டாம், முதலாளியின் தலையசைப்பு வேண்டாம்.

பெரிய பதிப்பகங்களிலும் கூர்மையான பகடி பிறந்ததுண்டு. 1953இல் ‘மேட்’ இதழுக்காக ஹார்வி கர்ட்ஸ்மன் எழுதி வாலி வுட் வரைந்த ‘சூப்பர்டூப்பர்மேன்’ கதையில், தான் யாரென்று நாயகன் வெளிப்படுத்திய பிறகும் நாயகி அவனை மதிப்பதில்லை. சட்டையைக் கழற்றினால் ஊரே வாய் பிளக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

பலவீனமும் அந்த ஆமைகளின் முதுகில் ஏறித்தான் வந்தது. புத்தகம் விற்றதும் ஆளாளுக்கு ஒரு விலங்கைப் பிடித்துக்கொண்டார்கள். 1986இல் கதிரியக்கம் பட்ட, கறுப்பு பெல்ட் வாங்கிய வெள்ளெலிகள்கூட வந்தன. பகடியைப் பகடி செய்த கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள் கடைகளில் குவிந்து, அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. 1987 இறுதியில் ஆமைகள் தொலைக்காட்சிக்குப் போயின, பின்னாலேயே பொம்மைகள். டேர்டெவில் பெயரையே கேட்டிராத குழந்தைகளிடம் கேலி உதிர்ந்து, சாகசம் மட்டும் போய்ச் சேர்ந்தது. மெலட்டூர்க் கோணங்கி தன் ஆட்டம் முடிந்ததும் ஒதுங்கிக்கொள்கிறார். ஆமைகளோ மேடையிலேயே தங்கி, ராஜா வேஷத்தையும் எடுத்துக்கொண்டன.

தமிழில் கதை வேறு. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் முதல் இதழாகக் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’, பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழிலிருந்து வந்த சரக்கு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதன்! கிண்டலுக்கு இதைவிட வாகான உருவம் கிடைக்குமா? ஆனால் மாயாவிக்கு இங்கே பக்தர்கள்தான் கிடைத்தார்கள். சொந்தமாக வளர்த்த சூப்பர் ஹீரோ மரபு காமிக்ஸில் இல்லாததால், நம் பகடி சினிமா நாயகனைத் தேடிப் போனது. விகடனில் கார்ட்டூனிஸ்டாக இருந்த சிம்புதேவன், 2010இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்க’த்தில் காமிக்ஸ் கௌபாய்களை ஜெயசங்கரபுரம் என்ற ஊரில் இறக்கினார். அதே ஆண்டு சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’, சைக்கிள் மிதித்தே சிறுவன் பெரியவனாகும் காட்சியில் மாஸ் நாயகனின் இலக்கணத்தைப் பிரித்து மேய்ந்தது.

இந்தியாவின் சுயாதீனக் காமிக்ஸில் இந்த வேலையைச் செய்தவர்கள் மும்பையிலும் வடக்கிலும் உண்டு. அபிஜீத் கினியின் ‘ஆங்க்ரி மௌஷி’ ஊழல்வாதிகளை உதைக்கும் கோபக்காரச் சித்தி. மெட்டா தேசி காமிக்ஸுக்காக அதிராஜ் சிங் எழுதிய ‘ஊத் பிலாவ் மானுஸ்’ பாதி மனிதன், பாதி நீர்நாய். மேனாட்டு மேலங்கியை இந்தியத் தெருவில் கொண்டுவந்து உலர்த்தும் துணிச்சல் இவற்றில் இருக்கிறது. ஆனால் இவை முக்கியமாக ஆங்கிலம் படிக்கும், காமிக் கான் அரங்குகளுக்குப் போகும் வாசகருக்கானவை. சிற்றூர் வீரனைப் பார்த்துச் சிரிப்பவர் சிற்றூர்க்காரராக இருப்பது அபூர்வம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வேஷத்தையும் வசனத்தையும் கிழிக்கும் பகடி, ‘ஒருவன் வந்து காப்பாற்றுவான்’ என்ற எண்ணத்தைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுகிறது. மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023) அதை நெருங்கியது. அதன் நாயகன் பத்திரிகையில் வீரக் கதை வரையும் பயந்தாங்கொள்ளி. தரமில்லாமல் கட்டிய அடுக்குமாடியில் குடியேற்றப்பட்டவன். ஆனால் முடிவில் அவனே ரட்சகனாகிறான். சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் கைதட்டத் தொடங்கிவிடுகிறது.

டெல்டாவில் கதையை நிறுத்திப் பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். ‘கத்தி’ (2014) படத்தில் விவசாயிகளுக்காக நாணயங்களைச் சுண்டிவிட்டு ஒரு சண்டை நடக்கும். அந்த நாணயத்தைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்பது, கர்நாடகத்து மழையையும் 2018இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்த 177.25 டி.எம்.சி. பங்கையும் பொறுத்த விஷயம். குறுவை அறுப்பு முடிந்தால் நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் குவியல். மேலே ஐப்பசி மழை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், மத்திய அரசு தளர்வு தந்தால்தான் நெல் உள்ளே போகும். இங்கே பறந்து வருகிறவன் யாரை அடிப்பான்?

டெல்டா ஆறுகளிலும் நீர்நாய்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு மேலங்கி மாட்ட முப்பத்திரண்டு பக்கக் கறுப்பு வெள்ளைப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் நீர்நாய் மனிதன் கல்லணையைத் தாண்டிப் பறந்து வருகிறான். இரண்டாம் பக்கத்தில் டோக்கன் வாங்கிவரச் சொல்கிறார்கள். பதினைந்தாம் பக்கத்திலும் அதே வரிசையில்தான் நிற்கிறான். மேலங்கியை அவிழ்த்துக் குவியல் மேல் படுதாவாகப் போர்த்தியிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் மீட்டர் 17.4 காட்டுகிறது. பின்னால் நிற்கும் அம்மாள் ஒரு பிடி நெல்லை அள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வெயிலு காயணும் தம்பி” என்கிறார்.