'அவன் என்ன செஞ்சான்?': சிறைக் கல்விப் படங்களைப் பற்றிச் சில குறிப்புகள்

லின் நோவிக்கின் 'காலேஜ் பிஹைண்ட் பார்ஸ்' (2019) ஆவணப்படத்தை நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். நான்கு பகுதிகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். முதல் பகுதி முடிவதற்குள்ளேயே ஒரு தோழர் கேட்டுவிட்டார்: 'அது சரி, இவன் என்ன செஞ்சுட்டு உள்ள வந்தான்?' படம் அதை உடனே சொல்வதில்லை. முதலில் அவன் படிக்கிறான். கணக்குப் போடுகிறான், சீன மொழி கற்கிறான், ஆய்வேட்டை எழுதித் திருத்தித் தவிக்கிறான். குற்றம் பிறகுதான் வருகிறது. படத்தின் ஆகப் பெரிய அரசியல் செயல் இந்தத் தாமதம்தான் என்று எனக்குப் படுகிறது. குற்றத்திலிருந்து ஆளைத் தொடங்குவது போலீஸ் ஸ்டேஷனின் கதையாடல் முறை. அது நமக்குள் எவ்வளவு ஊறிக் கிடக்கிறது என்பதைத் தோழரின் கேள்வி காட்டிக்கொடுத்தது. (எனக்கும் நாக்கு நுனியில் அதே கேள்விதான். அவர் முந்திக்கொண்டார்.)

படத்தின் களம் நியூயார்க் மாநிலச் சிறைகள். பார்டு கல்லூரி மாணவர் மேக்ஸ் கென்னர் 1999இல் தொடங்கிய முயற்சி இது. இந்தச் சிறை மாணவர்களின் விவாத அணி 2015இல் ஹார்வர்டு அணியைத் தோற்கடித்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. என்ன தலைப்பில் தோற்கடித்தார்கள் என்பதை யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர்களைச் சேர்க்க அரசுப் பள்ளிகள் மறுக்கலாம் என்ற பக்கத்தைத்தான் கைதிகள் வாதாட வேண்டியிருந்தது. அவர்களுக்கு உடன்பாடில்லாத பக்கம். இணையம் கிடையாது, கேட்ட புத்தகம் நிர்வாக அனுமதி பெற்று வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். பூட்டப்பட்டவன், இன்னொருவனுக்குக் கதவைப் பூட்டலாம் என்று வாதாடி, தனக்கு மூளை இருப்பதை நிரூபிக்கிறான். கைதட்டுகிறோம். சும்மா சொல்லக்கூடாது, நானும் தட்டினேன்.

படம் சறுக்குவது வேறு இடத்தில். 'படிச்சவன் திரும்ப ஜெயிலுக்கு வர்றதில்ல, அரசாங்கத்துக்கும் செலவு மிச்சம்' என்ற வாதத்தை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. இது கணக்குப்பிள்ளையின் சொல்லாடல். அப்படியானால் திரும்ப வந்துவிடுகிறவனுக்கு ஷேக்ஸ்பியர் வீணா? சுமார் 50,000 கைதிகளில் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் சுமார் 300 பேர். தேர்வெழுதி, நேர்காணலில் தேறி வந்தவர்கள். படம் இவர்களோடேயே தங்கிவிடுகிறது. தகுதி என்ற சொல் உள்ளேயும் ஒரு கம்பிக்கதவு போட்டுவிடுகிறது.

பார்பரா ஜாமின் 'தி லாஸ்ட் கிராஜுவேஷன்' (1997) இவ்வளவு பளபளப்பான படம் இல்லை. ஆனால் கல்வியை யாரோ கொடுத்த கொடையாக அது காட்டவில்லை. ஆட்டிக்கா சிறைக் கலகத்திலிருந்து அது கதையைத் தொடங்குகிறது. கலகக் கைதிகளின் கோரிக்கைகளில் கல்வியும் நூலகமும் இருந்தன. 1971 செப்டம்பர் 13 அன்று அரசுப் படை சிறையை மீட்டபோது 29 கைதிகளும் 10 பிணையாட்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு சிறைகளில் கல்லூரி வகுப்புகள் பெருகின. 1994இல், அதுவும் அதே செப்டம்பர் 13 அன்று, கிளின்டன் கையெழுத்திட்ட குற்றச் சட்டம் ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையைக் கைதிகளுக்கு மறுத்தது. 'நேர்மையான ஏழைப் பிள்ளைகளின் பணத்தைக் கொலைகாரன் தின்கிறான்' என்பதுதான் அன்றைய பேச்சு. கைதிகளுக்குப் போனது அந்த நிதியில் 1 சதவீதத்துக்கும் குறைவு. வகுப்புகள் அநேகமாக எல்லாமே மூடப்பட்டன. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி 2023 ஜூலையில் உதவித்தொகை திரும்பி வந்தது. வந்ததுதான், ஆனால் எந்தப் பாடத்திட்டம் கைதிக்கு நல்லது என்று அனுமதி தரவேண்டியது சிறைத் துறை!

ஃபூக்கோ 1972இல் ஆட்டிக்காவைப் போய்ப் பார்த்தார். அதன் முகப்பு அவருக்கு டிஸ்னிலாந்தின் போலிக் கோட்டை போலத் தெரிந்ததாம். மூன்று வருடம் கழித்து வந்த நூலில், சிறை குற்றத்தை ஒழிக்கத் தோற்பதாகச் சொல்லிக்கொண்டே 'குற்றவாளி' என்ற வகையை உற்பத்தி செய்வதில் வென்றுகொண்டிருக்கிறது என்றார். நோவிக்கின் படம் இதில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

பிரெட் ஸ்டோரியின் 'தி பிரிசன் இன் ட்வெல்வ் லேண்ட்ஸ்கேப்ஸ்' (2016) கேமராவைச் சிறைக்குள் கொண்டுபோவதே இல்லை. அதனால்தானோ என்னவோ, விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி அதுதான் அதிகம் சொல்கிறது. சிறையில் சதுரங்கம் கற்றவர் நியூயார்க்கில் பொது இடத்தில் உட்கார்ந்து ஆடுகிறார். கைதிகளுக்கு அனுப்ப அனுமதிக்கப்பட்ட பொருள்களை மட்டும் விற்கும் கிட்டங்கி ஒன்று பிராங்ஸில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் எரியும் காட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. கைதி, தீயணைக்கப் போகிறவள். நெருப்போடு நிற்கும்போது அன்று மணிக்கு 1 டாலர் கூலி. உள்ளே கற்ற ஒரே தொழில் அதுதான் என்றாலும், வெளியே வந்தபின் பழைய தீர்ப்பு அந்த வேலைக்குக் குறுக்கே நின்றது. 2020இல்தான் அந்த மாநிலம் இப்படிப்பட்டவர்கள் தம் குற்றப் பதிவை நீக்கக் கோர வழிசெய்யும் சட்டம் போட்டது. கடைசியில் திரையில் வருகிற ஒரே சிறை ஆட்டிக்கா, வெளியிலிருந்து.

இந்தப் படத்தையும் அதே தோழருக்குப் போட்டுக் காட்டினேன்.

'என்னங்க, இதுல கைதியையே காணோமே' என்றார்.

'தீயணைச்சாளே, அவ?'

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: 'ஆமா, அவ என்ன செஞ்சா?'