வெயில் வெளுத்த வால்நட்

ஜாகுவார் மார்க் 2 காரின் ஸ்பீடோமீட்டர் வளையத்தைக் கழற்றினால் அடியில் கரும்பழுப்பாக ஒரு வட்டம் தெரியும். அதைச் சுற்றியுள்ள வால்நட் பலகை தேன் நிறத்துக்கு வெளுத்திருக்கும். செர்ரி மரம் வெளிச்சம் படப்படக் கருக்கும், வால்நட்டோ வெளிறும். 1959 முதல் 1967 வரை கோவென்ட்ரியில் உருவான அந்தக் கார் புதிதாக எந்த நிறத்தில் இருந்தது என்பதற்கு அந்த வட்டமே சாட்சி. மரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த நாள்களில் சுரங்க முதலாளிகளும் தோட்டத்துத் துரைமார்களும் இத்தகைய பிரிட்டிஷ் கார்களில் போனார்கள். 1985இல் ஈய விலை சரிந்தது. ரப்பர் தரும் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, வீடமைப்புகள் வந்தன. மிஞ்சிய கார்களின் தகரத்தை வெட்டி ஒட்டிச் சாயம் அடிக்க ஈப்போவில் ஆள் கிடைக்கும். உள்ளே இருக்கும் மரத்தைத் தொடத்தான் கை வேண்டும்.

ஏனென்றால் அது முழு மரம் அல்ல. ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டிய வெனீர், சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன். பல கார்களில் அது வால்நட்டின் கழலையிலிருந்து சீவியது. அங்கே ரேகை நேராக ஓடாது. சுழித்து, முடிச்சிட்டு, கண் கண்ணாகப் பூக்கும். அடுத்தடுத்த இரு தாள்களைப் புத்தகம் போல விரித்து ஒட்டினால் இடமும் வலமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். பேராக்கில் தோட்டம் தோட்டமாக வளர்ந்த பால்மரம் நல்ல மரம்தான், நாற்காலி மேசைக்குப் பேர் போனது. ஆனால் அந்த வெளிறிய, அமைதியான பலகையில் இந்தப் பூ கிடையாது.

ஈப்போவில் பகலில் பூட்டிய கார் அடுப்பாகக் காயும், மாலையில் மழை, இரவெல்லாம் ஈரம். மரம் வீங்கிச் சுருங்கும், மேலே இறுகிப்போன லாக்கர் கூடவே போக முடியாமல் மெல்லிய கோடுகளாக வெடிக்கும். வெடிப்பில் ஈரம் இறங்கினால் வெனீர் குமிழாக எழும்பும்.

சீரமைப்பின் ரசனை முழுவதும் எவ்வளவு சீவாமல் விட்டோம் என்பதில்தான் இருக்கிறது. உப்புத்தாளை எடுத்துப் பழைய லாக்கரைத் தேய்க்கிறவர் நாலு இழுப்பில் ஒட்டுப்பலகையைப் பார்த்துவிடுவார். ரசாயனம் தடவி, ஊறவிட்டு, மொண்ணைச் சுரண்டியால் வழிப்பதே முறை. எழும்பிய இடத்தில் பழைய வச்சிரம் இருந்தால் ஈரத்துணியும் மிதமான சூடும் போதும், இளகி மறுபடி பிடிக்கும். உடைந்து போன துண்டுக்கு ஒட்டுப் போடும்போதுதான் கையின் மேதைமை தெரியும். நேர்க்கோட்டில் வெட்டிய ஒட்டு எத்தனை பாலிஷ் போட்டாலும் கண்ணில் குத்தும். சுழியின் வளைவிலேயே கத்தியை ஓட்டினால் இணைப்பு ரேகையாகிவிடும். ஒட்டுக்குப் புதிய தாளைவிடப் பழைய வால்வு ரேடியோப் பெட்டிகளில் ஒட்டியிருந்த வால்நட்டையே நான் விரும்புவேன். அதுவும் வெளிச்சத்தில் முதிர்ந்தது, நிறம் எளிதில் கூடும்.

மொத்தப் பலகையையும் சாயமேற்றிப் புதுக்காரின் கருமைக்குத் திருப்புவதா என்று கேட்பவர்கள் உண்டு. வெளுப்பு சீராக இருந்தால் கூடாது என்பேன். அந்தத் தேன் நிறம் பல ஆண்டு வெயிலின் வேலை. எந்தச் சாயமும் அதைத் தராது. கண்ணாடி போலத் தடித்த பாலியெஸ்டர் பூச்சும் எனக்கு ஒவ்வாது. அதன் அடியில் மரம் இருக்கிறதா, அச்சடித்த படம் இருக்கிறதா என்றே சொல்ல முடியாது.

லாக்கர் அடிப்பதற்கு ஈப்போவின் வானத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நேரத்தில் அடித்தால், தின்னர் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, ஈரம் படிந்து பூச்சு பால் போல வெளுத்துவிடும். அதனால் வெயில் ஏறி ஈரம் குறைந்த முற்பகலில், மழை கூடுவதற்குள், மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். பிறகு தொடவே கூடாது. வாரக்கணக்கில் லாக்கர் மரத்தின் துளைகளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்; அது அடங்கிய பிறகுதான் நீர்த்தாள் பிடித்துத் தேய்த்து மெருகேற்றலாம். அதற்குள் காரைக் கேட்டு நச்சரிக்கும் உரிமையாளரைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பும் தச்சரிடம் என் காரைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.