வீடு எனும் அணி

தொற்றுநோய்க்கான கணித மாதிரியையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். அது யாரைப் பேசுகிறது, யாரை விட்டுவிடுகிறது, எதை வீடு என்கிறது? கவிதையிடமும் நாவலிடமும் பெண்கள் கேட்டுப் பழகிய கேள்விகள்தாம் இவை.

இப்பிரதியின் மூல வடிவத்தை 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் எழுதினார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905–06இல் பம்பாயில் பிளேக்கால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கை. தொற்றக்கூடியவர், தொற்றியவர், நீங்கியவர் என்று மூன்று பெட்டிகள். மூன்றாவது பெட்டியில் குணமானவரும் செத்தவரும் ஒன்றாக இருக்கிறார்கள். இருவராலும் இனி நோய் பரவாது என்பதால் கணக்குக்கு வேறுபாடு தேவைப்படுவதில்லை. குணமானவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது யார் என்பதும் தேவைப்படுவதில்லை.

2020 மார்ச்சில் இந்திய ஊரடங்கின் விளைவைக் கணிக்க ரணஜாய் அதிகாரியும் ராஜேஷ் சிங்கும் உருவாக்கிய மாதிரி இதைவிட நுட்பமானது. எந்த வயதினர் எந்த வயதினரை எங்கே சந்திக்கிறார்கள் என்பதை வீடு, வேலையிடம், பள்ளி, பிற இடம் என்று நான்கு அணிகளாகப் பிரித்துக் கூட்டுகிறது. ஊரடங்கு என்றால் பின் மூன்றும் சுழியமாகும். வீடு மட்டும் மிஞ்சும். இவ்வணிகளுக்கு அடிப்படை, ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் மக்கள் தாம் சந்தித்தவர்களை எழுதிவைத்த நாட்குறிப்புகள். அவற்றை இந்தியக் குடும்ப அமைப்புக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தியிருந்தார்கள்.

அகம், புறம் என்று உலகைப் பிரித்துப் பார்த்த மொழி நம்முடையது. அகப்பாடலிலும் மனிதருக்குப் பெயர் கிடையாது. ஆனால் நிலம் உண்டு, பொழுது உண்டு, தோழியும் செவிலியும் உண்டு. மாதிரியின் ‘வீடு’ அணியில் வயது மட்டுமே இருக்கிறது.

இந்த அணியை ஒரகடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெளிமாவட்டத்திலிருந்து வந்து ஆலையில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு எது வீடு? உடன் வேலை செய்பவளே அறையிலும் உடன் படுக்கிறாள். கம்பெனி பஸ்ஸிலும் மெஸ் வரிசையிலும் அவளே. வீடும் வேலையிடமும் இங்கே ஒரே அணி. ஒன்றைச் சுழியமாக்கி மற்றதை மிச்சம் வைக்க முடியாது. வேலையிடமும் இங்கே எளிதில் சுழியமாகவில்லை. 2021 மே ஊரடங்கிலும் கார் ஆலைகள் ஓட அனுமதி இருந்தது. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் தொழிற்சங்கம் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனது.

அதே ஆண்டு டிசம்பரில், விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அது தொற்றுப் பரவல் அல்ல. என்றாலும் ஒரே சமையலறை, ஒரே கூரை என்றால் என்ன என்பதை நாடு அன்று பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரைவிடப் பெரிய ‘வீடு’ அது.

மாதிரிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மேடைப்பேச்சின் அனுமானம் ஒளிந்திருக்கும். மாதிரியின் அனுமானம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதனாலேயே அதனுடன் வாதாட முடிகிறது. விடுதிக்கென ஐந்தாவது அணியைச் சேர்ப்பது கணிதத்துக்குக் கடினமல்ல. கடினம் தரவில்தான். காய்ச்சலைச் சொன்னால் அன்றைய சம்பளம் போகும் என்ற இடத்தில் காய்ச்சல் மறைக்கப்படும். மறைத்த காய்ச்சல் ‘தொற்றியவர்’ பெட்டிக்கு வராது. எனவே சம்பளத்துடன் கூடிய விடுப்பு தொழிலாளியின் உரிமை மட்டுமல்ல, கணக்கு சரியாக வருவதற்கான நிபந்தனையும்கூட.

ஐரோப்பியர் எழுதிய அந்த நாட்குறிப்பை விடுதிப் பெண்கள் ஒருநாள் எழுதட்டும். பக்கத்துக் கட்டிலில் யார், பஸ்ஸில் யார், குளியலறை வரிசையில் எத்தனை பேர், காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கொடுத்தது யார், அன்றைக்குச் சம்பளம் பிடித்தார்களா? கடைசி இரண்டு கேள்விகளுக்கு இன்றைய மாதிரியில் கட்டமே இல்லை.