முட்செடியும் அதைத் தாங்கும் ஜாடியும்

1890 ஜூனில், பாரிஸுக்கு அருகிலுள்ள ஓவேர் கிராமத்தில் வின்சென்ட் வான் கோ ஒரு பூஜாடியை வரைந்தார். அதில் ரோஜா இல்லை. முட்செடி, கோதுமைக் கதிர், வயலோரத்து இலைதழைகள்தான் இருந்தன. இன்று ஜப்பானின் போலா அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த ஓவியத்தை ஒரு பெண்ணாகப் பார்க்கும்போது, முதலில் எனக்குள் எழும் கேள்வி இது: இதையே ஒரு பெண் வரைந்திருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பூ வரைவது பெண்களின் வேலை என்று கருதப்பட்டது. பிரெஞ்சுக் கலைக் கழகத்தின் தரவரிசையில் வரலாற்று ஓவியம் உச்சியில் இருந்தது. பூவும் பழமும் அடியில் கிடந்தன. வரலாற்று ஓவியம் தீட்ட நிர்வாண உடலைப் பார்த்துப் பயில வேண்டும். பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளியோ 1897இல்தான் பெண்களை உள்ளே விட்டது. கதவை அடைத்துவிட்டு, 'பெண்களுக்குப் பூதான் வரும்' என்றார்கள்.

வான் கோவும் பாரிஸில் பூக்களிடம் வந்ததற்கு ஒரு காரணம், மாடல்களுக்குக் கொடுக்கக் காசில்லாதது. அவருக்குத் தடை வறுமை. பெண்களுக்குத் தடை விதி. ஆனால் அவர் வரைந்த பூ நிறச் சோதனை ஆயிற்று. அவர்கள் வரைந்தது பொழுதுபோக்கு ஆயிற்று.

இந்தக் கதையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். வின்சென்ட் இறந்த ஆறே மாதத்தில் தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோஹன்னாவுக்கு அப்போது வயது 28. கையில் ஒரு வயது நிரம்பாத குழந்தை. கணவர் விட்டுச்சென்றவை, விலைபோகாத நூற்றுக்கணக்கான ஓவியங்களும் கட்டுக்கட்டான கடிதங்களும். நெதர்லாந்தில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே அவர் அந்த ஓவியங்களை ஊர் ஊராகக் காட்சிக்கு அனுப்பினார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் பெரும் கண்காட்சி நடத்தினார். 1914இல் கடிதங்களைப் பதிப்பித்தார். வான் கோவைப் பார்க்கும் கண்ணை உலகுக்குக் கொடுத்தவர் அவர்தான். இருந்தும் நெடுங்காலம் கலை வரலாறு அவரை 'தம்பி மனைவி' என்ற அளவில்தான் அறிந்திருந்தது.

மீண்டும் ஓவியத்தைப் பார்க்கிறேன். ஜாடியை வான் கோ அலட்சியமாக வரையவில்லை. அழுத்தமான கோடுகளும் வட்ட வட்டமான அலங்காரமுமாக, செடிக்குக் கொடுத்த அதே கவனத்தை அதற்கும் கொடுத்திருக்கிறார். செடியை மட்டும் பார்க்கப் பழகியவர்கள் நாம்தான். பெண் வரைந்த பூ ஓவியம் ஒன்று அடுத்த முறை கண்ணில் பட்டால், 'அழகாக இருக்கிறது' என்று கடந்துபோகாமல், அவளுக்கு எந்தக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன என்று கேட்போம். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவள் ஓவியத்தை ஓவியமாகப் பார்க்கத் தொடங்க முடியும்.