வேதாளமும் சிரிப்பும்

கொல்லிமலையில் சிரிப்பு என்றதும் கொல்லிப்பாவையே நினைவுக்கு வருகிறாள்; நகைத்தே உயிர் பறிப்பவள் என்பது மரபு. எள்ளல் எழுத்தும் பழங்கதைகளை அவ்வாறே கொன்றுவிடுமோ?

புதுமைப்பித்தனின் (1906–1948) 'வேதாளம் சொன்ன கதை'யை மீண்டும் படித்தபோது அவ்வச்சம் அகன்றது. பழைய வேதாளக் கதைகள் 25. விடை அறிந்தும் மௌனம் காத்தால் விக்கிரமாதித்தன் தலை சிதறும். பேசினாலோ வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். அப்பேயைப் புதுமைப்பித்தன் தம் காலத்துக்கு அழைத்துவந்து நகைப்புக்குரியதாக்குகிறார். ஆயினும் மூலக்கதை அறியாதவருக்கு இந்நகைச்சுவையில் பாதி விளங்காது. ஆகவே எள்ளல் மூலத்தை அழிப்பதில்லை. அதற்குக் கடன்பட்டே வாழ்கிறது.

என் கவலை வேறு. பாட்டியிடம் கதை கேளாத பிள்ளைகள் எதைக் கண்டு சிரிப்பார்கள்? பெற்றோரே, முதலில் வேதாளக் கதையைச் சொல்லுங்கள். பிறகு புதுமைப்பித்தனைக் கையில் கொடுங்கள். அறிந்தும் வாய் திறவாமை அன்று மன்னனுக்கு ஆபத்து. இன்று கதைக்கே ஆபத்து.