விளக்கமும் வெளிப்படுத்தலும்

செய்தித்தாள் எழுத்தைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என வினவுவார் நம்முள் உளர். உரை மரபைப் பெருஞ்செல்வமாகப் போற்றும் மொழியின் மாணவர்க்கு இவ்வையம் எழுதல் வேண்டா. அறிதற்கு அரிய பொருளைப் பிறர்க்கு எளிதாக்கித் தருதலே உரையின் தொழில். அத்தொழிலுக்கெனவே அமெரிக்க நாட்டில் ஒரு பரிசில் உண்டு.

1917 முதல் வழங்கப்பெறும் புலிட்சர் பரிசில்களுள் விளக்க இதழியற் பிரிவு 1985இல் தோன்றியது. 1998இல் விளக்கச் செய்தி எழுத்து எனப் பெயர் மாறிற்று. பொருளின் அருமை, அப்பொருளில் எழுதுவோர்க்குள்ள ஆட்சி, நடைத் தெளிவு ஆகியவை இதன் அளவுகோல்கள். புலனாய்வு எழுத்துக்குரிய பிரிவும் இன்றைய பெயரை 1985இலேயே பெற்றது. இரண்டும் ஒருங்கே நிற்றலின், அவற்றின் எல்லை யாது என்னும் வினா எழுகின்றது.

முதற் பரிசில் பெற்றவர் 'பால்டிமோர் ஈவினிங் சன்' இதழின் ஜான் பிராங்க்ளின். மனநோயை மூளையின் வேதியியல் வழி ஆராயும் புதுத் துறையை அவர் ஏழு பகுதிகளில் எழுதினார். ஆங்கே துலக்கப்பட்ட குற்றம் ஏதும் இல்லை. அறிவியலார் தம்முள் அறிந்திருந்தது பொதுமக்கட்கு எட்டியது, அவ்வளவே. ஆயின் அவ்வளவும் எளிதன்று. 1989இல் டல்லஸ் நகரத்து இதழொன்று, 1985இல் நிகழ்ந்த வானூர்தி விபத்தொன்றை ஆராய்ந்து எழுதியமைக்காக இப்பரிசில் பெற்றபொழுது, எழுத்தாளரோடு ஒளிப்படக் கலைஞரும் வரைபட ஓவியரும் அதனைப் பகிர்ந்துகொண்டனர். காண்டிகையுரைக்குக் காட்டும் வேண்டும் என்ற நம் இலக்கணிகள் இதனைக் கண்டு வியந்திரார்.

பிற்காலத் தேர்வுகளே நம்மைத் தயங்கச் செய்கின்றன. 2017இல் பனாமா ஆவணங்கள் பற்றிய கட்டுரைகளும், 2019இல் டிரம்ப் குடும்பச் செல்வத்தைப் பற்றிய 'நியூயார்க் டைம்ஸ்' ஆய்வும் இப்பிரிவிற் பரிசில் பெற்றன. அவற்றின் பெருமையை யாம் மறுக்கவில்லை. பெயரளவில் நிற்கும் நிறுமங்கள் இயங்குமாற்றை உணர்த்தாது பனாமாச் செய்தியைக் கூறவும் இயலாது. எனினும் அவற்றின் உயிர் மறைத்ததை வெளிக்கொணர்தலில் உள்ளது. கண்முன் கிடந்தும் விளங்காததை விளங்கவைத்தல் வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படின், பரபரப்பு இல்லாத தெளிவுரை காலப்போக்கில் பரிசிலுக்கு உரியதன்று என்றாகிவிடும். அமைதியாகப் பொருள் கூறுவோர்க்கு இருந்த ஓரிடமும் போம்.

இவ்வச்சத்தை ஓரளவு தணிப்பது 2021ஆம் ஆண்டின் தேர்வு. பெருந்தொற்றைப் பற்றித் தெளிவுறத் தொடர்ந்து எழுதிய எட் யாங்கும், ராய்ட்டர்ஸ் செய்தியாளர் குழுவும் அவ்வாண்டு பரிசிலைப் பகிர்ந்தனர். ராய்ட்டர்ஸ் எடுத்துக்கொண்டது ஒரு சட்டச் சொற்றொடர்: 'வரையறுக்கப்பட்ட விலக்குரிமை.' வன்முறை கையாண்ட காவலர்மேல் தொடுக்கப்படும் இழப்பீட்டு வழக்குகளினின்று அவர்களைக் காப்பது இக்கோட்பாடு. அது மறைபொருளன்று, தீர்ப்புகளிற் பலகாலும் அச்சேறியது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளைத் திரட்டி, தரவுகளைக் கொண்டு, அத்தொடர் நடைமுறையில் யாது பொருள்படுகிறது என்பதை அவர்கள் காட்டினர். அருஞ்சொல் ஒன்றுக்குப் பொருள் காண, அது பயின்ற இடங்களையெல்லாம் தொகுத்து நோக்கும் உரையாசிரியரின் முறை இதுவே.